தம்பியின் தவணை தவறவில்லை, உங்கள் எம்.ஆர்.ஐ. மட்டும் தள்ளிப்போகிறது

கேள்வி: ஐயா, எனக்கு வயது 35. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். கைக்கு வரும் சம்பளம் ரூ.46,000. அதில் ரூ.18,000 வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிறேன். சிறுவயதிலிருந்தே எனக்கு ஒரு பக்க மார்பு சரியாக வளரவில்லை. கல்யாணத்துக்கு முன், 2015-இல், இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் சிலிகான் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். அன்று கூட வந்து கையெழுத்துப் போட்டவன் என் தம்பி மட்டும்தான். கணவருக்கோ மாமியார் வீட்டுக்கோ தெரியாது. ஒன்றரை வருடமாக இடது பக்கம் கல்லாக இறுகி வலிக்கிறது. ஏதோ கட்டி என்று கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் 'பேக்கர் கிரேடு 4' (இம்ப்ளான்ட்டைச் சுற்றிய உறை இறுகுவதில் கடைசி நிலை) என்றார், இம்ப்ளான்ட் பை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதினார். ரூ.9,000 ஆகும் என்பதால் நான்கு மாதமாக எடுக்கவில்லை. பழையதை எடுத்துப் புதிது வைக்க ரூ.4,72,000 (ஜி.எஸ்.டி. ரூ.72,000 சேர்த்து), மொத்தமாகக் கட்டினால் ரூ.4,25,000, இல்லையென்றால் 24 மாதம் வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். எடுத்துவிட்டு அப்படியே விட்டால் ரூ.1,90,000 என்கிறார் கோவையில் இன்னொரு டாக்டர். தம்பி கடைக்காக என் பேரில் ரூ.6 லட்சம் பர்சனல் லோன் (5 வருடம், 15%) எடுத்து 26 மாதம் ஆகிறது. 7 மாதம் அவன் கட்டினான், பிறகு நான்தான். இப்போது டெம்போ வாங்க இன்னும் 2 லட்சம் கேட்கிறான்; அவன் கேட்டால் மறுக்க முடியாது. ஆபரேஷன் பேப்பர் எல்லாம் அவன் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. என்னிடம் எஃப்.டி. ரூ.1.6 லட்சமும் 12 பவுனும் உண்டு. என் பேரில் 3 வருடமாக மெடிக்ளெய்ம் இருக்கிறது. முந்தைய ஆபரேஷன் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தேன். வட்டியில்லாத் தவணை, பர்சனல் லோன், நகைக்கடன் – எது நல்லது?

பதில்: எந்தக் கடன் என்பதற்குப் பிறகு வருகிறேன். ரூ.9,000 இல்லை என்று எம்.ஆர்.ஐ.யை நான்கு மாதம் தள்ளிப்போட்டீர்கள். அதே நான்கு மாதத்தில் தம்பியின் கடனுக்கு நீங்கள் கட்டிய தவணை 14,274 பெருக்கல் 4, அதாவது ரூ.57,000. ஆறு எம்.ஆர்.ஐ.

'மறுக்க முடியாது' என்று எழுதினீர்கள், ஏன் என்று எழுதவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவன் அவன்தான், பேப்பர் அவன் பீரோவில்தான் என்பதெல்லாம் கடிதத்திலேயே இருக்கிறது. தம்பி மிரட்டினான் என்று நான் சொல்லவில்லை. அநேகமாக அந்த நினைப்பே அவனுக்கு இருக்காது. அக்காவிடம் கேட்டால் கிடைக்கும் என்று பழகிவிட்டான், அவ்வளவுதான். வாயைத் திறந்துவிடுவானோ என்ற பயம் உங்களுடையது, அந்தப் பயத்துக்குத்தான் மாதாமாதம் பணம் போகிறது.

கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது என் துறை இல்லை. சொல்லாததற்கு என்ன விலை என்று கணக்குப் போடுவது என் துறை. இதுவரை தம்பிக்காகக் கட்டியது 19 தவணை, ரூ.2.71 லட்சம். மீதி 34 தவணை, ரூ.4.85 லட்சம். இரண்டும் சேர்ந்து ஏழரை லட்சத்தைத் தாண்டுகிறது. இதில் டெம்போ சேரவில்லை, கீழே நான் சொல்லப்போகும் இன்சூரன்ஸும் சேரவில்லை.

இன்சூரன்ஸுக்கு வருவோம். அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று எல்லோரும் பாதியைத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் எல்லா பாலிசிகளுக்கும் ஒரே வாசகமாக வகுத்த விலக்குகளில் அது எட்டாவது. அந்த விலக்குக்குள்ளேயே விலக்கு உண்டு: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, அடுத்து உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்க மருத்துவரீதியாகத் தேவைப்படும் சிகிச்சை. அந்தத் தேவையை உங்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டர் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். கிழிந்த பையை எடுப்பது இதற்குள் வரலாம். புதுப் பை வைப்பது வராது. கம்பெனி முதலில் மறுக்கத்தான் பார்க்கும், அழகுக்காகச் செய்ததன் பின்விளைவுதானே என்று. வாதாடக் கையில் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வேண்டும். அந்த ஒன்பதாயிரம் வெறும் பரிசோதனைச் செலவு இல்லை என்பது இப்போது புரிகிறதா?

உங்கள் சொந்தப் பாலிசியை இதற்கு நம்பாதீர்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டு மூன்று வருடத்தில் இந்த ஆபரேஷனுக்கே கிளெய்ம் போட்டால், கேஸ் ஷீட்டில் 2015 என்ற ஒரு வரி போதும். கிளெய்மோடு பாலிசியும் போய்விடலாம். தொடர்ந்து 60 மாதம் முடிந்த பிறகு, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணத்துக்காக அவர்கள் தகராறு செய்ய முடியாது என்பது விதி. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அடுத்த புதுப்பித்தலுக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிரீமியத்தைக் கூட்டலாம், காத்திருப்புக் காலம் வைக்கலாம், பாலிசியையே ரத்தும் செய்யலாம். எதுவானாலும் படுக்கையில் கிடக்கும்போது தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

கணவர் வேலை பற்றி நீங்கள் எழுதவில்லை. அவர் நிறுவனத்தில் குடும்பத்துக்கும் சேர்த்து குரூப் பாலிசி இருந்தால் கதையே வேறு. பெரும்பாலான குரூப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இருக்காது, முந்தைய ஆபரேஷன் பற்றிய கேள்வித்தாளும் இருக்காது. ஆனால் அந்தக் கார்டு அவர் கையில் இருக்கிறது. அவரிடம் சொல்லாமல் அதைத் தொட முடியாது. ரகசியத்தின் விலையில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டை ஒரே தொகையாக வாங்காமல் இரண்டு சீட்டாகக் கேளுங்கள். ஒன்று, பையையும் அதைச் சுற்றி இறுகிய உறையையும் எடுப்பது. இன்னொன்று, புதிது வைப்பது. குரூப் பாலிசி இருந்தால், முதல் சீட்டோடு, ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே கேஷ்லெஸ் அனுமதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், அங்கும் நடக்காவிட்டால் ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கும் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ரூ.50 லட்சம் வரையிலான தகராறுகளை விசாரிக்கிறார்கள்.

ஒரு பக்கம் வளரவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்கு விலை இருக்கிறது. அழகு சிகிச்சைக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. ஆனால் பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைக்கு வரி விலக்கு. உங்கள் மதிப்பீட்டில் ரூ.72,000 வரி போட்டிருப்பதன் அர்த்தம், ஆஸ்பத்திரியே இதை அழகு சிகிச்சை என்று முத்திரை குத்தியிருக்கிறது என்பதுதான். 2015 டிஸ்சார்ஜ் சம்மரியில் வளர்ச்சிக் குறைபாடு என்று எழுதியிருந்தால் அதைக் காட்டி பில்லிங் மேலாளரிடம் பேசுங்கள். மொத்தத் தொகையான 4,25,000-இலிருந்து வரி கழிந்தால் ஏறத்தாழ 3,60,000. இங்கேயே அறுபதாயிரத்துக்கு மேல். மொத்தமாகக் கட்டுவது என்றால் நோட்டாகக் கட்டுவது அல்ல, ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது.

இப்போது அந்த வட்டியில்லாத் தவணை. மொத்தமாகக் கட்டினால் 4,25,000, தவணை என்றால் 4,72,000. இடையில் உள்ள 47,000 வட்டி இல்லாமல் பிறகு என்னவாம்? பிராசஸிங் கட்டணம் 3 சதவீதமும் அதன் மேல் வரியும் வாங்கினால் இன்னும் 16,700. போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 14% வருகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. அன்று அது டி.வி., ஃபிரிட்ஜ் விற்கும் தந்திரம். இப்போது ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை வந்துவிட்டது. மாதத் தவணை 19,667, தம்பிக்கு 14,274, வீட்டுக்கு 18,000: மொத்தம் 51,941. சம்பளம் 46,000. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? பர்சனல் லோனுக்கும் இதே கதைதான்.

புதிது வைப்பதா, எடுத்துவிட்டு நிறுத்துவதா என்பது உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. ஒரு பக்கம் வளராத நிலைக்கே திரும்புவது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று பணக்காரியம் பேசும் நான் சொல்ல முடியாது. ஆனால் புதிது வைத்தால் செலவு அன்றோடு முடியாது. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் நிற்கும் சாதனம் இல்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்கிறது. தொந்தரவே இல்லாவிட்டாலும் சிலிகான் பை வைத்து ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஸ்கேன் என்பது அவர்கள் பரிந்துரை. இத்தனை வருடத்தில் நீங்கள் ஒன்றும் எடுக்கவில்லை. புதிது வைப்பதானால் அன்றிலிருந்தே மாதம் ரூ.2,500 ஆர்.டி. போட வேண்டும். ஆறரை சதவீத வட்டியில் பத்து வருடத்தில் ரூ.4.2 லட்சம் ஆகும், அடுத்த ஆபரேஷனுக்கு. இந்த 2,500 முடியாது என்றால் புதிது வைப்பதும் முடியாது என்று அர்த்தம்.

கையெழுத்துப் போடுமுன் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இலேயே மார்பகச் சீரமைப்புக்கு இலவசப் பிரிவு தொடங்கினார்கள். அன்று அதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை, உங்களிடம் எதையும் விற்க அவர்களுக்கு அவசியமும் இல்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு. எடுத்துவிட்டு நிறுத்துவதானால் எஃப்.டி.யில் ஒரு லட்சம், மீதி 90,000-க்கு வங்கி நகைக்கடன். புதிதும் வைப்பதானால், வரி கழிந்த 3,60,000-இல் எஃப்.டி.யிலிருந்து 1,10,000, மீதி இரண்டரை லட்சத்துக்கு நகைக்கடன். இன்றைய விலையில் நாலைந்து பவுன் வைத்தால் போதும், ஒன்பதரை சதவீதம் என்றாலும் வருட வட்டி 24,000-க்குள். 12 பவுனையும் வைக்காதீர்கள். வட்டியை மட்டும் கட்டி வருடாவருடம் திருப்பி வைப்பதும் வேண்டாம், மாதாமாதம் அசலில் குறையுங்கள். எதிலிருந்து குறைப்பது? தம்பியிடமிருந்து.

அவனுடைய கடன் உங்கள் பேரில் இருப்பதால் வங்கித் தவணையை நீங்கள் நிறுத்த முடியாது, சிபில் கெட்டுவிடும். ஆனால் மாதம் 8,000-ஆவது அவன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி வங்கியில் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கட்டியது இவ்வளவு, மீதி இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்குங்கள். கைமாற்றுப் பணத்தைக் கேட்கச் சட்டம் தரும் காலம் மூன்று வருடம், உங்களுக்கு 26 மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அவன் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். டெம்போவுக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாளில் கையெழுத்து வாங்கப் போகும்போதே பீரோவைத் திறக்கச் சொல்லி 2015 பேப்பர்களை எடுத்து வந்துவிடுங்கள். அதில் இம்ப்ளான்ட் கார்டு என்று ஒன்று இருக்கும். கம்பெனி பெயர், மாடல், லாட் எண் இருக்கும். பிரான்சின் பி.ஐ.பி. கம்பெனி தொழிற்சாலைச் சிலிகானை அடைத்துப் பல நாடுகளுக்கு விற்றது 2010-இல் வெளியானது. அலர்கனின் பயோசெல் என்ற சொரசொரப்பான வகையை, ஒரு வகை லிம்போமாவோடு (நிணநீர்ப் புற்றுநோய்) தொடர்பு என்று 2019-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். நீங்கள் வைத்துக்கொண்டது பயோசெல்லைத் திரும்பப் பெறுவதற்கு முன். கம்பெனி உத்தரவாதம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பதும் அந்தக் கார்டை வைத்துத்தான் தெரியும். பை இலவசமாகக் கிடைத்தாலும் ஆபரேஷன் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். திடீரென்று ஒரு பக்கம் வீங்கினால் இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு இந்த வாரமே நேரம் வாங்குங்கள். போகும்போது கார்டையும் கொண்டு போங்கள்.