டேப் சுற்றிக்கொண்டு ஹம்பி போகலாமா?

கேள்வி: வயது 29, பெங்களூரில் ஐ.டி. வேலை. ஒன்றரை வருடமாக போல்டரிங் (கயிறு இல்லாமல் சிறு பாறைகளில் ஏறுவது) செய்கிறேன். போன ஜனவரியில் ஹம்பியில் ஒரு வி5 பாறையில் (வி எண் கூடக்கூடக் கடினம்) கடைசிப் பிடிக்கு முந்தைய பிடி வரை போய் விழுந்தேன். அதை முடிக்கத்தான் இந்த வருடப் பயிற்சி முழுவதும். நான்கு வாரத்துக்கு முன் ஹேங்போர்டில் (விரல் பலத்துக்காகத் தொங்கிப் பழகும் பலகை) தொங்கும்போது வலதுகை மோதிர விரலின் அடியில் சுருக்கென்றது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. லேசான வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. இப்போது அழுத்தினால் மட்டும் வலி. பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம், முன்பணமும் கட்டியாயிற்று. அழைத்துப் போகிறவர், "டேப் சுற்றினால் போதும், பயமாக இருந்தால் தெரிந்த கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். போகலாமா? கூட வரும் என் தம்பிக்கும் (வயது 15) மூன்று வாரமாக விரல் வலி. அவனுக்கும் டேப் போதுமா?

பதில்: ஹம்பிக்குப் போங்கள். அந்த வி5 பாறையில் கை வைக்காதீர்கள். ஊசி வேண்டவே வேண்டாம். அவசரத்தில் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் தம்பியைப் பற்றிக் கடைசியில் எழுதியிருப்பதை மட்டும் கட்டாயம் படித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது உங்கள் விரல் இல்லை, அவனுடையது.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் நாண்தான் விரலுக்குள் ஓடுகிறது. அது எலும்பை ஒட்டியே ஓடுவதற்காக ஆங்காங்கே சிறு பட்டைகள் அதைப் பிடித்திருக்கின்றன. பாவாடை நாடாவை மடித்துத் தைத்த துணி பிடித்திருப்பதைப் போல. இந்தப் பட்டைகளை புல்லி என்கிறோம். விரலின் அடிப்பகுதியில், நீங்கள் வலி என்று சொல்லும் அதே இடத்தில் இருப்பது ஏ2 புல்லி. ஏறுபவர்களுக்கு அதிகம் அடிபடுவது அதுதான், அதிலும் மோதிர விரலிலும் நடுவிரலிலும்.

மெல்லிய விளிம்பில் விரல் நுனியை வைத்து, நடுக்கணுவைச் செங்குத்தாக மடக்கி, கட்டைவிரலை மேலே போட்டுப் பூட்டுகிறீர்களே, அந்த கிரிம்ப் பிடிதான் ஏ2-வின் எதிரி. விரலை நீட்டி அகலப் பிடிக்கும்போது அந்தப் பட்டைக்கு வரும் சுமை மிகவும் குறைவு. கிரிம்ப்பில் அது பல மடங்காகிறது, நாண் பட்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறது. ஹம்பியின் கிரானைட்டைத்தான் உங்களுக்குத் தெரியுமே. தோலைச் சுரண்டும் படிகங்களும் நகக்கண் அளவு விளிம்புகளும்தான் அங்கே அதிகம். உங்கள் விரலுக்கு எது ஆகாதோ அதைத் தேடித்தான் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள்.

சத்தம் இல்லை, வீக்கம் லேசானது, அதுவும் சீக்கிரம் வடிந்தது. இதை வைத்துப் பார்த்தால் பட்டை அறவில்லை, இழுபட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. அடிபட்டபோது "டப்" என்று சத்தம் கேட்டிருந்தாலோ, மடக்கும்போது நாண் தோலுக்கு அடியில் வில்லின் நாண் போல எழும்பித் தெரிந்தாலோ, இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வாரத்துக்குள் கை அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

வலி போய்விட்டதால் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தத் திசுவுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆறவும் நாளாகும். லேசான இழுப்பு என்றாலே ஆறு முதல் எட்டு வாரம். முழு பலத்தோடு கிரிம்ப் செய்ய மூன்று மாதம் கணக்கு வையுங்கள். பயணத்தின்போது உங்களுக்கு ஒன்பதாவது வாரம். பெரிய பிடிகளில் ஏற அது போதும், அந்த வி5-க்குப் போதாது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். நாணும் பட்டையும் அளவான சுமை கொடுத்தால்தான் பலமாக ஆறும். வீட்டிலேயே செய்யலாம். கட்டைவிரல் அகலம் உள்ள ஒரு மரத்துண்டில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, அதில் ஒரு வாளியைக் கட்டுங்கள். நின்றபடி மரத்தின் விளிம்பை நான்கு விரல்களாலும், மடக்காமல், நீட்டிப் பிடித்து வாளியைத் தரையிலிருந்து சற்றே தூக்கிப் பத்து விநாடி நில்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். முதலில் நல்ல கை வலியில்லாமல் எவ்வளவு தூக்குகிறது என்று பாருங்கள், அதில் பாதியோடு அடிபட்ட கையில் தொடங்குங்கள். ஐந்தாறு முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பத்துக்கு இரண்டு அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் கூடுதலாக வலித்தால் தண்ணீரைக் குறையுங்கள். வலிக்கவில்லை என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் கூட்டுங்கள். உங்களுக்கு அடிபட்ட இடமே ஹேங்போர்டு, அதனால் அதை இப்போதைக்குச் சுவரோடு விட்டுவிடுங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்டு போதும், எம்ஆர்ஐ வேண்டாம். ஆனால் நீங்களே வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "விரலை எதிர்ப்போடு மடக்கச் சொல்லிப் பாருங்கள்." சும்மா நீட்டி வைத்த விரலில் பட்டை அறுந்திருந்தாலும் தெரியாமல் போகும். மடக்கும்போது நாண் எலும்பை விட்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால்தான் பட்டை அறுந்ததாகச் சந்தேகம். "விரலுக்கா ஸ்கேன்?" என்று கவுன்ட்டரிலேயே சிரிப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். எலும்பு மூட்டு ஓபியில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். எத்தனை நாள் ரெஸ்ட், அப்புறம் என்ன செய்வது என்று கேட்டால் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். கூட்டம் அப்படி, அவர்களைச் சொல்லி என்ன பயன். ஆனால் அந்த இடைவெளியில்தான் ஊசிக்காரர்கள் நுழைகிறார்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அவர் சொல்லும் ஊசி ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் ட்ரிகர் ஃபிங்கருக்கு அது நல்ல மருந்து, மறுக்கவில்லை. இழுபட்டு ஆறிக்கொண்டிருக்கும் பட்டைக்கு அது வலியை மட்டும் அணைக்கும், திசுவைப் பலவீனப்படுத்தும். வலிதான் உங்களைத் தடுக்கும் ஒரே காவல்காரன். அவனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறீர்கள். என்னிடம் வந்த ஒருவர் பயணத்துக்கு முன் இரண்டு ஊசி போட்டிருந்தார். எந்த கிளினிக் என்று எழுதப் போவதில்லை. மூன்றாம் நாள் பாறையில் பட்டை அறுந்தது. வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை மேசை மேல் வைத்து, "வலிக்கவே இல்லை சார், அதான் ஏறினேன்" என்றார். விரல் முழுக்கக் கருநீலம். ஒன்றரை வருடத்துக்கு அவர் காபி டம்ளரைக்கூட அந்தக் கையால் பிடிக்கவில்லை.

பயணம் ஏற்பாடு செய்கிறவர் ஏன் கிளினிக் சிபாரிசு செய்ய வேண்டும்? நீங்கள் ரத்து செய்தால் அவருக்கு இடம் காலி, ஊசி போட்டுக்கொண்டால் கிளினிக்கிலிருந்து ஒரு பங்கும் வரலாம். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் மருத்துவம் பேசும் பயண ஏஜென்டிடம் நான் பயணமே வாங்க மாட்டேன். அதே கும்பலில் கொலாஜன் பவுடர் விற்பவர்களும், "30 நாளில் இரும்பு விரல்" என்று ஹேங்போர்டு அட்டவணையை பிடிஎஃப்பாக விற்பவர்களும் உண்டு. அந்த அட்டவணை நீங்கள் எத்தனை வருடம் ஏறியிருக்கிறீர்கள் என்று கேட்பதே இல்லை. ஒன்றரை வருடம் ஏறியவருக்கு எடை கட்டித் தொங்கும் பயிற்சி தேவையும் இல்லை. உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஊகித்துக்கொள்கிறேன்.

முன்பணம் கட்டும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்போதாவது கேளுங்கள். எட்டுப் பேருக்கு எத்தனை க்ராஷ் பேட் (விழுந்தால் தாங்கக் கீழே விரிக்கும் மெத்தை)? ஒன்று என்றால் விரலைவிடக் கணுக்காலுக்குத்தான் ஆபத்து. தங்குவது எங்கே? "ஹம்பி ஐலண்டு" என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படி அழைக்கப்படும் விருபாப்பூர் கட்டியின் விடுதிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020 மார்ச்சிலேயே இடிக்கப்பட்டுவிட்டன, ஏறுபவர்கள் இப்போது சானாப்பூர் பக்கம் தங்குகிறார்கள். அப்புறம், நினைவுச்சின்னங்கள் இருக்கும் பாறைகளில் ஏறக் கூடாது. வழிகாட்டி சொன்னாலும் கூடாது.

டேப்பைப் பற்றி ஒரே வரி: அது நினைவூட்டல், கவசம் இல்லை. நடுக்கணுவைச் சுற்றி எச் வடிவில் ஒட்டினால் கொஞ்சம் ஆதரவு உண்டு, ஆறாத பட்டை அறுவதை அது தடுக்காது.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். "பாறை ஏற்றம் கவர் ஆகாது" என்று போனில் பதில் வரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் தரப்படுத்திய விலக்குகளில் 09-ஆம் எண்ணைப் படியுங்கள். பாறை ஏற்றம், மலையேற்றம் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன, ஆனால் "தொழில்முறையாக" ஈடுபடுபவருக்கு என்று இருக்கிறது. வார இறுதியில் ஏறும் ஐ.டி. ஊழியர் தொழில்முறை வீரர் ஆவது எப்படி? நாளைக்கு விழுந்து கணுக்கால் உடைந்து, மருத்துவமனையில் சேர்ந்து, கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அந்த ஒரு சொல்லை வைத்து எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தச் சொல்லைத் தம் பாலிசியிலேயே படிக்காதவர்கள்தான் நிராகரிப்புக் கடிதம் தயாரிக்கிறார்கள்.

சரி, ஹம்பியில் என்ன செய்யலாம்? காலை வெயில் ஏறும் முன்னும் மாலை பாறை ஆறிய பின்னும் சாய்வுப் பாறைகளில் ஏறுங்கள். கால்களை நம்பி ஏறும் பாறைகள் அங்கே நிறைய உண்டு, ஜிம்மில் பழகியவர்களுக்கு அதுதான் வராது. பிடியை விரல் நீட்டியே பிடியுங்கள், கிரிம்ப் இல்லாமல் முடியாத பாறை என்றால் கீழே இறங்கிவிடுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டின், அதாவது அந்த வி5 பாறையின், கடைசி இரண்டு அசைவுகளைத் தரையில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், கால் வைக்கும் இடத்தைத் துலக்கி வையுங்கள். பின்லாந்தின் நாலே ஹுக்காதைவல், பிறகு உலகின் முதல் வி17 ஆன ஒரு பாறையில் வருடக் கணக்கில் முயன்று 2016-ல்தான் ஏறினார். உங்கள் வி5 அடுத்த ஜனவரியிலும் அங்கேயே இருக்கும், கிரானைட் எங்கும் போகாது.

இனி தம்பி. 15 வயதுப் பையனுக்கு மூன்று வாரமாக விரல் வலி என்றால் அது உங்கள் வலி அல்ல. மேலே சொன்ன எதையும் அவனுக்குப் பொருத்தாதீர்கள். வாளிப் பயிற்சியும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். வளரும் பிள்ளைகளின் விரல் எலும்பில் வளர்ச்சித் தகடு என்று ஒரு மெல்லிய குருத்தெலும்பு இருக்கிறது. அவர்களுக்கு நாணையும் பட்டையையும்விடப் பலம் குறைந்த இடம் அதுதான். பெரியவர்களுக்குப் பட்டை இழுபடும் இடத்தில் அவர்களுக்குத் தகடு விரிசல் விடுகிறது. உயரம் கிடுகிடுவென்று ஏறும் வயதில், 13 முதல் 16-க்குள், இது அதிகம். ஒரே நாளில் வராது, அடி எதுவும் படாமலே மெல்ல வரும். அதனால்தான் வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை.

வலி எங்கே என்று அவனிடம் காட்டச் சொல்லுங்கள். நடுக்கணுவின் மேல்பக்கத்தை, நகம் இருக்கும் பக்கத்தை, தொட்டுக் காட்டினால் இன்றைக்கே ஏறுவதை நிறுத்துங்கள். உள்ளங்கைப் பக்கம் காட்டினாலும் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். கவனிக்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் விரல் கோணலாகவும் விறைப்பாகவும் வளர்ந்துவிடும், பிறகு திருத்துவது கடினம். நேரத்தில் பிடித்தால் சில வாரம், சில சமயம் சில மாதம் ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் தானாகக் கூடிவிடும். கால்களைத் தொங்கவிட்டுக் கையாலேயே தாவும் கேம்பஸ் போர்டை வளர்ச்சி முடியும் வரை அவன் தொடக் கூடாது. உங்கள் ஹேங்போர்டையும்தான். கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள், பையன்கள் அண்ணன் செய்வதைத்தான் செய்வார்கள்.

எக்ஸ்ரேயில் நேர்ப் படம் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த விரலை மட்டும் தனியாக, பக்கவாட்டில் ஒரு படம் வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மற்ற விரல்கள் மேலே விழுந்து மறைத்த படத்தில் விரிசல் தெரியாது. படம் சுத்தமாக இருந்தும் ஓய்வில் வலி குறையவில்லை என்றால் எம்ஆர்ஐ எடுங்கள், உங்களுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே எம்ஆர்ஐ அவனுக்கு வேண்டும். எக்ஸ்ரே இந்த வாரமே. ஹம்பிக்கு அவனைக் கூட்டிப் போவதில் தடையில்லை, ஏறும் ஷூவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.