ஆர்ச்சர்ட் தெரு, எண் 97: ஓர் ஒண்டுக்குடித்தனத்தின் கதை

நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ஆர்ச்சர்ட் தெருவில் உள்ள 97ஆம் எண் கட்டடம், ஒரு காலத்தில் குடியேறிகள் வாடகைக்கு வாழ்ந்த இடம், இன்று ஓர் அருங்காட்சியகம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

கேள்வி: இவ்வளவு பெரிய கட்டடத்தை வாடகைக்காகக் கட்டியவர் பெரும் பணக்காரரா?

இல்லை. லூகாஸ் க்ளாக்னர் என்ற தையல்காரர், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் கட்டினார். சிறிது காலம் அவரே அங்கே குடியும் இருந்தார். அடித்தளத்தில் ஒரு மதுக்கடை இருந்தது.

கேள்வி: ஒரு குடித்தனத்துக்கு எவ்வளவு இடம்?

மூன்று அறைகளும் சேர்ந்தே சுமார் 325 சதுர அடிதான். மாடிக்கு நான்கு குடித்தனங்கள், ஐந்து மாடிகள். இரு பக்கமும் அடுத்த கட்டடங்கள் ஒட்டி நிற்பதால், தெருவையோ கொல்லையையோ பார்த்த ஓர் அறைக்கு மட்டுமே வெளி ஜன்னல் உண்டு. அதை அடுத்துச் சமையலறை, அதற்கும் உள்ளே படுக்கையறை. இரண்டும் பகலிலேயே இருட்டு. கட்டியபோது வீட்டுக்குள் குழாயும் இல்லை, கழிப்பறையும் இல்லை. குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாத் தண்ணீரையும் வாளியில் மேலே சுமக்க வேண்டும். ஐந்தாவது மாடியில் கைக்குழந்தையோடு இருந்தவளை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் கட்டடத்தின் படம் ஒன்றில் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரில் ஒரு ஜன்னல் தெரிகிறது. வீட்டுக்குள்ளேயே எதற்கு ஜன்னல்?

அந்தக் கட்டடத்தில் நான் மிகவும் மதிக்கும் பொருள் அதுதான். மர நிலை, கண்ணாடி எல்லாம் வைத்த முழு ஜன்னல். திறந்தால் தெரிவது பக்கத்து அறை. உள்ளறைகளுக்கும் காற்றும் வெளிச்சமும் போக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, இருபுறமும் அடைபட்ட பழைய கட்டடத்தில் வேறு வழியில்லை. தெரு வெளிச்சம் முன்னறைக்கு வந்து, அங்கிருந்து இந்த ஜன்னல் வழியாக மங்கலாக உள்ளே போகும். காசநோய் வீடு வீடாகப் பரவிய காலம் அது. சுவரை வெட்ட வைத்தது வீட்டுக்காரரின் இரக்கம் அல்ல, சட்டம்.

கேள்வி: கட்டடக்கலை படிக்கிறேன். இது 'டம்பெல்' வகையா?

இல்லை, அதற்கு முந்தியது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் புதிய கட்டடங்களில் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று வேண்டும் என்றது. உடனே இரு கட்டடங்களுக்கு நடுவே குறுகலான காற்றுக்குழி விட்டுக் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் கட்டடம் உடற்பயிற்சி டம்பெல் போல இடை சிறுத்திருக்கும். பெயர் அப்படி வந்தது. அந்தக் குழிகள் குப்பைக்குழிகளாயின, தீப்பிடித்தால் புகைபோக்கியாயின. 1901 சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது.

கேள்வி: கழிப்பறை எப்போது உள்ளே வந்தது?

1905இல். அதுவும் 1901 சட்டத்தின் விளைவுதான். இரண்டு குடும்பங்களுக்கு ஒன்று. அதுவரை மழையானாலும் பனியானாலும் கொல்லைப்புறம்தான்.

கேள்வி: எத்தனை பேர் வாழ்ந்திருப்பார்கள்?

1935 வரை ஏறத்தாழ 7,000 பேர், இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள். எனக்கு மறக்காதவர் நாட்டலி கும்பெர்ட்ஸ். கணவர் 1874இல் ஒரு நாள் வெளியே போனவர் திரும்பவே இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெண்களுக்கு உடை தைத்துப் பிழைத்தார். பிறகு மாமனார் சொத்திலிருந்து 600 டாலர் வர இருந்தது. அதைப் பெற, கணவர் இறந்துவிட்டதாக நீதிமன்றத்தில் அறிவிக்கச் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆவணங்களால்தான் அவர் கதை நமக்குக் கிடைத்தது.

கேள்வி: இடிக்காமல் எப்படித் தப்பியது?

1935இல் சட்டம் மேலும் திருத்தங்கள் கேட்டது. செலவு செய்ய விரும்பாத உரிமையாளர் குடித்தனக்காரர்களை வெளியேற்றி மேல்மாடிகளைப் பூட்டினார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. 1988இல் ரூத் ஏப்ரமும் அனிதா ஜேக்கப்சனும் அருங்காட்சியகத்துக்கு இடம் தேடியபோது பார்த்தார்கள்: அரை நூற்றாண்டாக யாரும் தொடாத குடித்தனங்கள். புழங்குகிற வீடாக இருந்திருந்தால் எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள்.

கேள்வி: நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

அலங்கரித்துக் காட்டும் அறைகளோடு திரும்பிவிடாதீர்கள். புதுப்பிக்காமல் விட்ட சில குடித்தனங்களும் உண்டு. சுவர்த்தாள் கிழிந்த இடத்தில் குனிந்து பாருங்கள்: பூப்போட்ட தாளுக்கு அடியில் கோடு போட்டது, அதற்கும் அடியில் இன்னொன்று. முந்தைய குடும்பத்தின் தாள் மேலேயே அடுத்தது ஒட்டப்பட்டிருக்கும்.