நாய், பூனைக்கு இதய நோய் இருப்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

இதய நோய்தான் என்று வீட்டில் முடிவு கட்ட முடியாது. ஆனால் நேரத்தோடு சந்தேகப்பட முடியும், அதற்கு ஒரு கடிகாரம் போதும். அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நாயோ பூனையோ, நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். அடுத்தடுத்த நாட்களிலும் அதைத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம்.

நான் கும்பகோணம் பக்கம். சித்திரை வெயிலில் இங்கே எல்லா நாயும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும், அந்த மத்தியானக் கணக்கு உதவாது. விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும்போது எண்ணுங்கள்.

எங்கள் பொமேரியனுக்கு வயதான பிறகு ராத்திரி இருமல் வந்தது. தை அறுவடை நேரம் என்பதால் களத்துத் தூசி என்றார்கள் அக்கம்பக்கத்தில். ஆனால் வாய்க்கால் கரை முழுக்க ஓடுகிறவன் பாதி வழியில் உட்கார ஆரம்பித்திருந்தான். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்ததுமே வால்வு கசிகிற சத்தம் கேட்கிறது என்றார். எக்ஸ்ரேயும், எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்து, இதயத்துக்கு வலுக் கொடுக்கும் பிமோபென்டான் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். இருமல் அடங்கி, பழையபடி வாசலுக்கு ஓடி வந்தான்.

சின்ன இன நாய்களுக்கு வயதானால் இந்த வால்வுக் கோளாறுதான் அதிகம். டாபர்மேன், கிரேட் டேன் போன்றவற்றுக்கு இதயத் தசை பலவீனமாகி இதயம் பெருத்துவிடும், இருமலே இல்லாமல் திடீரென மயங்கி விழலாம். வயிறு உப்பினால் சினை என்றோ கொழுப்பு என்றோ விட்டுவிடாதீர்கள், அது நீராகவும் இருக்கலாம். ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

எனக்கு அதிகக் கவலை பூனைகளைப் பற்றித்தான். இதய நோய் வந்த பூனை பெரும்பாலும் இருமாது. கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும், சாப்பாட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். இதயத் தசை தடித்துப்போகும் நோய்தான் அவற்றுக்கு அதிகம். அதில் ரத்தம் உறைந்து பின்காலுக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்துவிடலாம். நேற்றுவரை மதில் ஏறிய பூனை திடீரென அலறிப் பின்காலை இழுக்கும். வண்டி அடித்திருக்கும் என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்து, அடிப்பகுதி வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால் உடனே ஓட வேண்டும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

சாப்பாட்டிலும் ஒரு விஷயம் உண்டு. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் பெருத்துவிடும் என்று 1987-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தயிர்சாதத்தில் மட்டும் வளரும் பூனைக்கு அது போதாது. மீனோ கறியோ தினமும் வேண்டும். வேகவைத்த தண்ணீரிலும் டாரின் இறங்கியிருக்கும், கொட்டாமல் சோற்றில் பிசைந்து வையுங்கள். உப்பும் வெங்காயமும் சேர்க்க வேண்டாம்.

தஞ்சாவூர் பக்கத்தில் இருந்தால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூச்சுக் கணக்கைத் தேதியோடு எழுதி, இருமலைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். தண்ணீர் புகட்டாமல், இறுக்கிப் பிடிக்காமல், காற்றோட்டமான கூடையில் வைத்து அருகில் இருக்கும் டாக்டரிடம் அப்போதே கிளம்புங்கள்.