அரசர் அணியாத நட்சத்திரம்

மதிப்பிற்குரிய ஐயா,

நாஜிப் படைகளின் பிடியில் இருந்த டென்மார்க்கில், 1943இல் மக்கள் யூதர்களைக் காப்பாற்றிய வரலாற்றை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னேன். யூதர்கள் அடையாளமாக அணியவேண்டும் என்று நாஜிகள் கட்டாயப்படுத்திய மஞ்சள் நட்சத்திரத்தை அரசரே அணிந்து குதிரையில் வந்தார் என்றதும், ஒரு மாணவி “இது உண்மையா, கதையா டீச்சர்?” என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன், அப்படி நடக்கவே இல்லை. புனைவின் வழியாக வீரத்தைக் கற்பிப்பதே தவறோ என்று குழம்புகிறேன்.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தவறில்லை. அந்தக் கேள்வி உங்கள் வகுப்புக்குக் கிடைத்த பேறு.

ஆக்கிரமிப்பின் தொடக்க ஆண்டுகளில் அரசர் பத்தாம் கிறிஸ்டியன் காவலர் இல்லாமல் கோபன்ஹேகன் தெருக்களில் குதிரையில் சென்றது உண்மை. ஆனால் மஞ்சள் நட்சத்திரம் அணியவேண்டும் என்ற ஆணை டென்மார்க்கில் பிறப்பிக்கப்படவே இல்லை. கதைக்காக ஒரு சிறுமியையும் அவள் வீட்டையும் தோழியையும் நாம் கற்பனை செய்துகொள்ளலாம். நடந்த துணிச்சலை ஊதிப் பெரிதாக்கவோ, அதற்குக் கொடுத்த விலையை மறைக்கவோ நமக்கு உரிமை இல்லை என்றே நம்புகிறேன்.

இந்த வரலாற்றுக்கு அலங்காரமே தேவையில்லை. யூதர்களைக் கைதுசெய்ய நாஜிகள் போட்ட திட்டத்தைக் கசியவிட்டவர் டுக்விட்ஸ் என்ற ஜெர்மானிய அதிகாரி. செப்டம்பர் 29 அன்று கோபன்ஹேகன் யூத ஆலயத்தில் கூடியவர்களிடம், உடனே வீட்டைவிட்டுப் போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்று குரு மார்க்கஸ் மெல்கியோர் சொல்லியனுப்பினார். அடுத்த சில வாரங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்கு ரகசியமாகக் கொண்டுசேர்க்கப்பட்டார்கள். அழுகுரல் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று குழந்தைகளுக்கு மருத்துவர்கள் தூக்க மருந்து கொடுத்தார்கள். உலர்ந்த முயல் இரத்தமும் கொக்கெய்னும் கலந்த பொடியைத் தடவிய கைக்குட்டைகள் படகோட்டிகளிடம் இருந்தன. படகில் ஒளிந்திருப்பவர்களைத் தேடிவந்து, இரத்த வாடைக்கு ஈர்க்கப்பட்டு மோந்து பார்க்கும் ராணுவ நாயின் மூக்கு சிறிது நேரம் மரத்துப் போய்விடும். அரசரின் குதிரையைவிட இந்தக் கைக்குட்டையே பிள்ளைகள் மனத்தில் தங்கும்.

மீனவர்கள் பலர் பணம் வாங்கிக்கொண்டுதான் படகை எடுத்தார்கள், சிலர் பெருந்தொகை கேட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். பிடிபட்டால் பிழைப்புக்கு இருந்த படகும் போய், சிறைக்கும் போகவேண்டும் என்று அஞ்சிய மனிதன், கூலி வாங்கியபடியே கடலில் இறங்கியதை எப்படி மதிப்பிடுவது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் தாராளமாக யோசிக்க முடியும். பெரியவர்கள்தான் இதைக் கேட்டுச் சங்கடப்படுகிறார்கள்.

மீட்பு முயற்சி தோற்றுப்போன இரவையும் விட்டுவிடாதீர்கள். கில்லலயா என்ற கடலோர ஊரில், தேவாலயத்தின் மேல்தளத்தில் ஒளிந்திருந்த சுமார் 80 பேரை நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ பிடித்துச் சென்றது. அவர்களை அங்கே ஒளித்துவைத்தவர்களும் கைக்குட்டை வைத்திருந்தவர்களைப் போன்ற துணிச்சல்காரர்களே.

அடுத்த வகுப்பில், அரசரைப் பற்றி நீங்கள் சொன்னது நடக்கவில்லை என்று அந்த மாணவியின் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தேவாலயத்தின் மேல்தளத்திலிருந்து கதையைத் தொடங்குங்கள்.

அன்புடன்.