கோயில் வாசலில் வந்த முகவரிடம் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன், என்ன செய்வது?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறேன், வயது 67. நம் முன்னோர் கப்பலேறி வந்த வரலாற்றை முறையாக அறியவும், திருமுறைகளைப் பொருளுணர்ந்து படிக்கவும் ஆசை. சென்ற செவ்வாய்க்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர், மூத்தோருக்கான ஓராண்டு உரைத்தொடர் இருப்பதாகவும், முடிவில் ‘சாக்வா அங்கீகாரம் பெற்ற’ சான்றிதழ் கிடைக்கும் என்றும் கூறினார். 400 ரேண்ட் முன்பணம் கொடுத்தேன். மீதி 3,600 ரேண்டை மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் படிவத்திலும் கையெழுத்திட்டேன். ரசீதில் ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்டிருக்கிறது. இது நம்பத்தக்கதுதானா?

பதில்: அம்மா, அந்த ஒப்பந்தத்தை இன்றே எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் தாமாகத் தேடி வந்து உங்களிடம் விற்றிருந்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல், அபராதம் எதுவும் கட்டாமல் விலகிக்கொள்ளலாம். பணம் கொடுத்த நாளையும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. இடையில் விடுமுறை எதுவும் வராததால், உங்களுக்கு வரும் செவ்வாய்க்கிழமை வரை நேரம் இருக்கிறது. கடிதம் கிடைத்த பதினைந்து வேலை நாட்களுக்குள் அவர்கள் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். ரசீதில் ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் கொடுத்த உரிமையை ரசீதின் அடியில் உள்ள ஒரு வரி பறித்துவிட முடியாது.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பலர் இதில்தான் ஏமாந்து நிற்கிறார்கள். இந்த ஐந்து நாள் உரிமை, அவர் உங்களைத் தேடி வந்ததால் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கிறது. நீங்களே விசாரித்து, அவர்களுடைய அலுவலகத்துக்கு நடந்து சென்று, அங்கே பணம் கட்டியிருந்தால் இது பொருந்தாது. ஆகவே முகவர் ஒருவர் கோயில் வாசலில் பேசி ஆசை காட்டிவிட்டு, ‘நாளை அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திடுங்கள்’ என்றால், நீங்களாகவே வந்தீர்கள் என்று பிறகு வாதிட இடம் வைத்துக்கொள்கிறார் என்று கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் பணமும் கையெழுத்தும் கோயில் வாசலிலேயே வாங்கப்பட்டன. அந்த இடத்தையும் நாளையும் உங்கள் கடிதத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

அடுத்தது சான்றிதழ். சாக்வா எனப்படும் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம் வகுப்பு நடத்தும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் அளிப்பதில்லை. பத்து நிலைகள் கொண்ட தேசியத் தகுதிச் சட்டகத்தில் தகுதிகளை, அதாவது பட்டம், சான்றிதழ் போன்றவற்றை, பதிவு செய்வதே அதன் பணி. நிறுவனங்களை அங்கீகரிக்கும் வேலை, கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் தர மன்றங்களுடையது. ஆகவே ‘சாக்வா அங்கீகாரம் பெற்ற வகுப்பு’ என்ற சொல்லே அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார் என்பதைக் காட்டிவிடுகிறது. பொன்னிற முத்திரை பதித்து, பிளாஸ்டிக் உறையிட்ட இத்தகைய தாள்களை என்னிடம் கொண்டுவந்து காட்டிய மூத்தோர் பலர். ஒரு தாளில்கூட தகுதியின் பதிவு எண் இருந்ததில்லை.

அதைவிட முக்கியமானது, இந்தச் சான்றிதழ் உங்களுக்கு எதற்கு என்பதுதான். வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை, அறிந்துகொள்ளவே கேட்கிறீர்கள். அறிவுக்காக நடக்கும் உரைகளுக்கு அங்கீகாரம் தேவையே இல்லை. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கிய, ஓய்வு பெற்றோருக்கான மூன்றாம் வயதுப் பல்கலைக்கழக இயக்கம் இந்த நாட்டிலும் நடக்கிறது. தேர்வும் பட்டமும் இல்லாமல், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருவதே அதன் வழி. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் கோடைப்பள்ளியிலும் முன்தகுதி கேட்பதில்லை.

வயது வந்தோர் கல்விக்கென 2015இல் மாகாணத்துக்கு ஒன்றாக ஒன்பது சமுதாயக் கல்லூரிகள் உருவாக்கப்பட்டன. ஆனால் அவற்றின் கவனமெல்லாம் எழுத்தறிவிலும், விட்டுப்போன பள்ளிச் சான்றிதழிலும்தான் இருக்கிறது. அந்தப் பணி தேவையானதே, அதை மறுக்கவில்லை. ஆனால் வாழ்நாள் கல்வி என்று கொள்கை அறிக்கைகளில் எழுதுபவர்கள், ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து வரலாறு கேட்க ஓர் அறையை ஒதுக்க இத்தனை ஆண்டுகளாகியும் முன்வராதது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் முகவர்கள் கடைவிரிக்கிறார்கள்.

உங்கள் முன்னோர் வரலாற்றுக்கு 4,000 ரேண்ட் தேவையில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தோர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடலில் உள்ள அடையாளத் தழும்பு வரை பதிவேட்டில் எழுதினார்கள். டர்பனில் உள்ள 1860 மரபு மையத்துக்கும், வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்துக்கும் சென்று கேளுங்கள். போகும் முன், பழைய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எதிலாவது தாத்தாவின் ஒப்பந்த எண் இருக்கிறதா என்று வீட்டில் தேடிப் பாருங்கள். எண் கிடைத்தால் தேடல் எளிது.

திருமுறைக்குக் கோயிலிலேயே ஓதுபவர் ஒருவர் இருப்பார். ஐந்தாறு பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை, ஒரு பதிகம் என்று வைத்துக்கொண்டால் போதும். தேநீர்ச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். யாரும் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டி வசூலிக்க இடம் கொடுக்காதீர்கள்.

வங்கிப் படிவத்தை மறந்துவிட வேண்டாம். ரத்துக் கடிதத்தின் நகலுடன் நாளைக் காலை வங்கிக்குச் சென்று, இந்தப் பிடித்தத்துக்கு உங்கள் ஒப்புதல் இல்லை என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். இடையில் கைபேசியில் ஒப்புதல் கேட்டுச் செய்தி வந்தால், ‘சம்மதம்’ என்பதை அழுத்தாமல் மறுத்துவிடுங்கள். முகவருக்குக் கடிதத்தைக் கையில் கொடுப்பதாக இருந்தால், பெற்றுக்கொண்டதாக நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டைக் கடித நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.