பி.ஆர்.ஐ. லைனிலிருந்து சிப் லைனுக்கு மாறினால் பழைய எண் என்னவாகும்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். அலுவலகத்தில் அழைப்புகளை மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், 24 எக்ஸ்டென்ஷன் கொண்ட இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியும், அதில் ஒரே கேபிளில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் பி.ஆர்.ஐ. லைன் ஒன்றும் உள்ளன. இன்டர்நெட் வழியாக இயங்கும் ‘சிப் டிரங்க்’ லைனுக்கு மாறினால் வாடகை பாதியாகும், ஆனால் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு முகவர். வாடிக்கையாளர்கள் 15 ஆண்டுகளாக அறிந்த எங்கள் 0424 எண் கைவிட்டுப் போகுமா?

பதில்: வேறு நிறுவனத்துக்கு மாறினால் போய்விடும். கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இன்னும் கிடைக்கவில்லை. எண்ணையே முதலாக வைத்து வியாபாரம் செய்பவர்களை இத்தனை ஆண்டுகள் காத்திருக்க வைப்பது நியாயமில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இப்போது பி.ஆர்.ஐ. தரும் நிறுவனமே சிப் லைனும் தருமானால், அதே எண்ணைப் புதிய லைனில் ஏற்றித் தரும்படி கேட்கலாம். ஆனால் லைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தந்தையார் பெயரிலோ கலைக்கப்பட்ட கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால், பெயர் மாற்றத்தை முடித்த பிறகே விண்ணப்பியுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கோப்பு இரண்டு மேசைகளுக்கிடையே அலையும். அலுவலகம் 0424 எல்லையைத் தாண்டி இடம் மாறுவதாக இருந்தால் இந்த விலக்கு பயன்படாது. எல்லாம் சரியாக இருந்தாலும், எண் தொடரும் என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெறாமல் பழைய லைனைத் துண்டிக்கக் கடிதம் கொடுக்காதீர்கள்.

பெட்டியை மாற்றத் தேவையில்லை. பி.ஆர்.ஐ. கேபிளுக்கும் சிப் லைனுக்கும் இடையே ‘கேட்வே’ என்னும் சிறு கருவியைப் பொருத்தினால் பழைய பெட்டியே வேலை செய்யும். பி.ஆர்.ஐ. லைனில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். 24 எக்ஸ்டென்ஷன் உள்ள உங்களுக்குப் பெரும்பாலும் 10 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 10 அழைப்பு, போதும். ஓர் அழைப்புக்கு ஏறத்தாழ 100 கே.பி.பி.எஸ். என்று வைத்தால், பத்துக்கும் சேர்த்து 1 எம்.பி.பி.எஸ்.தான் ஆகிறது. ஆகவே ‘100 எம்.பி.பி.எஸ். வேகம்’ என்ற பேச்சில் மயங்க வேண்டாம். குரல் தெளிவுக்கு வேண்டியது தடங்கலில்லாத இணைப்பு; மின்வெட்டின்போது பேச வேண்டுமானால் ஃபைபர் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் யு.பி.எஸ். வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது முகவர்களைத்தான். சிலர் லைனைத் தங்கள் பெயரில் வாங்கி உங்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார்கள். அவர் பில் கட்டத் தவறினால் உங்கள் கடை ஊமையாகும், எண்ணைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இராது. விண்ணப்பம், ஜி.எஸ்.டி. எண், பில் மூன்றும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். பணம் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்துக்கே நேராகச் செல்ல வேண்டும். இன்னும் சிலர், வரிசையாக சிம் கார்டு செருகிய பெட்டியை உங்கள் அலுவலகத்தில் வைத்து, கட்டணமே இல்லை என்பார்கள். வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்புகளாக மாற்றி இறக்கும் கள்ளவழிக்கு அது பயன்படக்கூடும். அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. பெட்டி உங்கள் இடத்தில் இருந்தால் விசாரணை உங்களிடமிருந்தே தொடங்கும்.

லைன் வந்த அன்றே, வெளிநாட்டுக்குப் பேசும் தேவை இல்லையென்றால், ஐ.எஸ்.டி.யை நிறுவனத்தின் பக்கத்திலேயே பூட்டச் சொல்லுங்கள். இன்டர்நெட்டில் இணைந்த பெட்டியில் 101-ஆம் எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்துவிட்டுப் போகும் நிறுவுநர்கள் இருக்கிறார்கள். திருடர்கள் அதைக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுவதும் வெளிநாட்டு எண்களுக்குப் பேசித் தீர்ப்பார்கள். அந்த பில்லைக் கட்டும்படி நிறுவனம் உங்களிடம்தான் கேட்கும்.