செல்டிக் முடிச்சு, சிலுவை டாலர்களுக்கு உண்மையில் என்ன அர்த்தம்? கிறிஸ்தவர் அல்லாதவர்கள் போடலாமா?

ஏதோ ஒரு நகைக்கடையின் பக்கத்தில் 'ட்ரூயிடு பூசாரிகளின் ஆதி ரகசியச் சின்னம்' என்று படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். (கிறிஸ்தவம் வருவதற்கு முன் அயர்லாந்து போன்ற இடங்களில் இருந்த செல்டிக் மக்களின் பூசாரிகள்தான் ட்ரூயிடுகள்.) தாராளமாகப் போடலாம். ஆனால் டாலரோடு வரும் அட்டையில் இருப்பதை அப்படியே நம்பாதீர்கள்.

நான் அயர்லாந்தில் நர்ஸ். வார்டு மாறியபோது கூட வேலை பார்த்தவர்கள் காசு சேர்த்து ஒரு வெள்ளி டாலர் வாங்கிக் கொடுத்தார்கள். கட்டைவிரல் நகம் அளவில் வட்டம் வைத்த சிலுவை, உடம்பெல்லாம் பின்னல். பின்பக்கம் உற்றுப் பார்த்தால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவம் தெரியும். அது டப்ளின் ஹால்மார்க்கில் அயர்லாந்தையே பெண்ணாகக் காட்டும் ஹைபர்னியா முத்திரை. பக்கத்தில் வெள்ளியின் தரத்தைக் காட்டும் 925. அதைப் போட்டுக்கொண்டு வீடியோ காலில் வந்ததும் பெரியம்மா, "என்னடி, மதம் மாறிட்டியா?" என்றார். அதுகூடப் பரவாயில்லை, அம்மா கொஞ்ச நாள் பேசவே இல்லை. அந்த ஆற்றாமையில்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ட்ரூயிடுகள் காலத்துச் செல்டிக் உலோக வேலையில் சுருள்களும் வளைவுகளும்தான் அதிகம். நம்முடைய சிக்குக் கோலம் மாதிரி மேலும் கீழுமாகப் பின்னி ஓடும் முடிச்சு, அயர்லாந்தில் 7-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. வளர்த்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். ரோமானிய மொசைக் தரைகளிலும் ஜெர்மானிய நகைகளிலும் அந்தப் பின்னல் ஏற்கெனவே உண்டு. கி.பி. 800 வாக்கில் எழுதப்பட்டு, இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் சுவிசேஷச் சுவடி அதன் உச்சம். எந்த முடிச்சுக்கு என்ன பொருள் என்று அந்தத் துறவிகள் எழுதிவைத்த பட்டியல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. முடிவில்லாக் காதல், ஒரு தேவியின் கன்னி-தாய்-கிழவி வடிவங்கள் என்று முடிச்சுகளுக்குச் சொல்லும் பொருளெல்லாம் பின்னால் ஒட்டவைத்தவை. நகைகளுக்குப் பெயரையும் இப்படித்தான் ஒட்டவைப்பார்கள். 1850-ல் பெட்டிஸ்டவுன் கடற்கரைப் பக்கம் கிடைத்த பழைய நகைக்கு, டப்ளின் நகை வியாபாரி ஒருவர் 'தாரா ப்ரோச்' (ப்ரோச் என்றால் உடையில் குத்தும் ஊசி நகை) என்று பெயர் வைத்து நகல்களை விற்றார். பழைய ஐரிஷ் அரசர்களின் தாரா மலைக்கும் அந்த நகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

டாலர் கொடுத்த தோழி ஒருவர் என்னைப் பழைய மடம் இருந்த மொனாஸ்டர்பாய்ஸுக்குக் கூட்டிப் போனார். இடுகாட்டுக்கு நடுவில் 5 மீட்டருக்கும் மேல் உயரமாக மூரெடாக் சிலுவை என்ற கல் சிலுவை நிற்கிறது. வயது சுமார் 1,100 ஆண்டு. ஒரு முகத்தில் நடுநாயகமாகச் சிலுவையில் அறையப்பட்ட இயேசு, மறுமுகத்தில் இறுதித் தீர்ப்பு. அடியில் இரண்டு பூனைகள், அங்கேயே 'இதைச் செய்வித்த மூரெடாக்குக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று பழைய ஐரிஷில் ஒரு வரி. சிலுவையின் ஒரு கைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கடவுளின் கை. யாருமே கவனிக்காத இடத்தில் அவ்வளவு வேலை! கண் கலங்கிவிட்டது. போகத்தான் படாத பாடு. வாசலில் இறக்கிவிடும் பஸ் கிடைக்காமல் பக்கத்து ஊரான ட்ராஹடாவிலிருந்து டாக்ஸிக்கு அழ வேண்டியிருந்தது.  

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'அப்படியென்றால் சிலுவை வெறும் டிசைனா' என்று கிறிஸ்தவ நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது நேர் எதிர். அது சிலுவைதான். செபமாகச் செதுக்கிய ஒன்றை ட்ரூயிடு மந்திரம் என்று விற்பதுதான் எனக்கு வலிக்கிறது. நடு வட்டம் சூரியன், அதைச் சேர்த்தவர் அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் என்று சொல்வதும் பிற்காலக் கதை. கல் கைகள் உடையாமல் தாங்கவே வட்டம் வந்தது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அம்மாவிடமும் மழுப்பவில்லை. "சிலுவைதான்மா, என் மேல் பிரியம் உள்ளவர்கள் கொடுத்தது, நான் கழற்ற மாட்டேன்" என்றேன். இந்துவாக இருந்துகொண்டு எப்படி என்று கேட்பவர்களுக்கும் என் பதில் அதேதான்.

ஒரு எச்சரிக்கை. பின்னல் எதுவும் இல்லாமல், சம நீளக் கைகளும் வட்டமும் மட்டும் உள்ள வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் இனவெறிக் கும்பல்கள் அதைத் தங்கள் சின்னமாக்கி வைத்திருக்கின்றன.

காதலிக்குக் கொடுப்பதற்காகத் தேடுகிறீர்கள் என்றால், அயர்லாந்தின் கால்வே நகரத்துப் பக்கத்து மீனவக் குப்பத்தின் பெயர் கொண்ட க்ளாடா மோதிரத்தைப் பாருங்கள். 1700 வாக்கிலேயே கால்வேயில் செய்திருக்கிறார்கள். இரண்டு கைகள் ஒரு இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே கிரீடம்: நட்பு, காதல், விசுவாசம். ஏற்கெனவே ஒருவரோடு இருப்பவர்கள் இதயத்தின் முனை தங்கள் பக்கம் பார்க்கும்படி போடுவார்கள். கொடுக்கும்போதே அதைச் சொல்லிக் கொடுங்கள்.